பேசாத பிள்ளைகளின் சாட்சியம்

பான் நகரில் கைஸர் கார்ல் ரிங் வீதியில் பெரிய மனநல வைத்தியசாலை ஒன்று இருக்கிறது. ரெஸ்ரோரன்ற் வேலை முடிந்து, கையில் சவர்க்கார மணத்தோடு, நடுச்சாமத்தில் அதைக் கடந்துதான் நாங்கள் வீடு திரும்புவோம். இந்த நகரின் மனநல வைத்திய வரலாற்றில் பிள்ளைகளுக்கும் ஒரு பக்கம் உண்டென்பதைப் பல காலம் நாங்கள் அறிந்திருக்கவில்லை.

1926இல் ஒற்றோ லொவென்ஸ்ரைன் என்ற வைத்தியர் இங்கே பிள்ளைகளுக்கென்றே ஒரு மனநோய் நிலையத்தைத் தொடங்கினார். உலகில் அவ்வகை நிலையங்களில் முதன்மையானவற்றுள் அது ஒன்று. அவர் யூதப் பிறப்பினர். 1933 மார்ச்சில் நாசிகளின் எஸ்.ஏ. படையினர் உள்ளே புகுந்தபோது அவர் தப்பியோடினார். முதலில் சுவிற்சர்லாந்து, பிறகு நியூயோர்க். எங்களைப் போல அவரும் ஓர் அகதி. வைத்தியருக்கு ஓட வழியிருந்தது. பிள்ளைகளுக்கு இருக்கவில்லை.

1934 தொடக்கம் கட்டாய மலடாக்கல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நாடெங்கும் வைத்தியர்கள் எழுதி வைத்த கோப்புகளே நோயாளருக்கு எதிரான சாட்சியங்களாயின. றைன்லாந்தில் வால்ட்னீல் என்ற இடத்தில் 1941 முதல் 1943 வரை இயங்கிய பிள்ளைகள் பிரிவில் ஏறத்தாழ நூறு பிள்ளைகள் மாண்டுபோயினர். ஓட்டிசம் என்பது பிள்ளைகளின் நிலையொன்றைக் குறிக்கும் பெயராகப் பரவலாக அறியப்பட்டது 1943இல் லியோ கன்னரும் 1944இல் ஹான்ஸ் அஸ்பேர்கரும் எழுதிய கட்டுரைகளுக்குப் பிறகுதான். ஆகவே கொல்லப்பட்டவர்களில் எத்தனை பேர் ஓட்டிசமுள்ளவர்கள் என்று எண்ண வழியில்லை. கோப்புகளில் அவர்கள் மந்தபுத்தியினர். அந்த அஸ்பேர்கரே வியன்னாவில் பிள்ளைகளை ஸ்பீகல்குறுண்ட் கொலைநிலையத்துக்கு அனுப்பினார் என்பதை ஹெர்விக் செக் 2018இல் ஆவணங்களோடு வெளியிட்டார். பிள்ளை என்ன சொல்லியிருக்கும் என்பதை இக்கோப்புகளில் தேடினால் கிடைப்பது அரிது. பிள்ளையைப் பற்றி மற்றவர்கள் சொன்னதுதான் கிடைக்கும்.

யுத்தம் முடிந்த பிறகும் இது மாறவில்லை. 1945 முதல் 1975 வரை றைன்லாந்தின் மனநல நிலையங்களில் பிள்ளைகள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்ற விரிவான ஆய்வு 2017இல்தான் வெளிவந்தது. அடி, கட்டிவைத்தல், அமைதிப்படுத்தும் மருந்துகள்.

உடல் ஊனமுற்ற பிள்ளைகளுக்கான வொல்மார்ஸ்ரைன் விடுதியில் வளர்ந்தவர்கள் 2006இல் தாங்களாகவே ஒரு குழுவாகக் கூடிப் பேசத் தொடங்கினார்கள். ஆனால் 2009இல் அன்ற்யே வொல்மர் தலைமையில் விடுதிப் பிள்ளைகளுக்கான வட்டமேசை கூடியபோது ஊனமுற்றோர் விடுதிகளும் மனநல நிலையங்களும் அதற்குள் சேர்க்கப்படவில்லை. மற்ற விடுதிப் பிள்ளைகளுக்கு 2012இல் நிதியம் வந்தது. இவர்களுக்கு 2017இல்தான் ஒரு நிறுவனம் வந்தது. 9,000 யூரோ ஒரு தடவைக் கொடுப்பனவு. பதிவுசெய்யும் காலம் 2021 யூன் 30இல் முடிந்தது. இன்னும் விடுதிகளில் வாழும் முதியவர்களுக்கு அந்தச் செய்தியையே யாராவது கொண்டுபோய்ச் சொல்லவேண்டியிருந்தது.

2010 சனவரியில் பேர்லின் கனிசியஸ் கல்லூரியில் நடந்த பாலியல் கொடுமைகள் வெளிவந்தன. அடுத்து எங்கள் பானின் பாட் கோடெஸ்பேர்க்கிலுள்ள அலோசியஸ் கல்லூரியும் செய்தியாயிற்று. 2011இல் யூலியா சின்ஸ்மைஸ்ரரின் அறிக்கை வந்தது. கதவைத் திறந்தவர்கள் பழைய மாணவர்கள். எழுதவும் வாதாடவும் தெரிந்தவர்கள். அவர்களுடைய துணிவை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கடிதம் எழுத முடியாத பிள்ளைக்கு யார் கதவைத் திறப்பது?

எங்களுக்கு இது அந்நியமான கேள்வி அல்ல. அகதி விசாரணை அறையில் நாங்கள் நிலத்தைப் பார்த்துப் பேசினோம். திகதிகள் குழம்பின. அழவேண்டிய இடத்தில் அழுகை வரவில்லை. சொன்னதைவிடச் சொன்ன விதமே நிறுக்கப்பட்டது. ஓட்டிசமுள்ள பிள்ளையும் கண்ணைப் பார்ப்பதில்லை. ஒழுங்காகக் கோர்த்துச் சொல்வதில்லை. அது திடீரென்று தன்னைத்தானே அடித்தால், சாப்பிட மறுத்தால், "அது அதன் வருத்தம்" என்று முடித்துவிடுகிறார்கள். அடித்தவன் தப்பிவிடுகிறான்.

சட்டங்கள் இப்போது ஓரளவு மாறியிருக்கின்றன. ஊனமுற்றோர் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை ஜேர்மனியில் 2009இல் நடைமுறைக்கு வந்தது. கொள்கை வகுக்கும்போது ஊனமுற்ற பிள்ளைகளையும் கலந்தாலோசிக்க வேண்டும் என்று அதன் 4ஆம் உறுப்புரை சொல்கிறது. பாலியல் கொடுமைக்குள்ளானவர்களின் ஆலோசனைச் சபை 2015இல் மத்தியில் உருவாகி, 2025 யூலையில் சட்ட அடிப்படை பெற்றது. 2021ஆம் ஆண்டுச் சட்டம், பிள்ளைக்கு விளங்கக்கூடிய, உணரக்கூடிய வடிவில் ஆலோசனை வழங்கவேண்டும் என்கிறது. அந்த வடிவம் எது என்பதை யார் சொல்வது? அதை அனுபவித்து வளர்ந்தவர்கள்தான். மின்குமிழின் இரைச்சலில் பேச்சே வராது என்பதும், படத்தாலோ எழுத்தாலோ பதில் சொல்ல ஒரு மணிநேரம் தேவைப்படும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். "சொல்வழி கேள்" என்று வருடக்கணக்காகப் பழக்கப்பட்ட பிள்ளை கொடியவன் சொல்லையும் கேட்கும் என்பது அவர்கள் உடம்பால் அறிந்தது.

அவர்களுடைய குரல் என்று சொல்லிக்கொண்டு நாங்கள் பேசிவிடவும் கூடாது. பிள்ளையின் கையைப் பிடித்து எழுத்துப்பலகையில் தட்டவைக்கும் முறையொன்று 1990களில் பரவியது. எழுதியது பிள்ளையல்ல, கையைப் பிடித்தவரே என்று பரிசோதனைகள் காட்டின. அதனால் பொய்க் குற்றச்சாட்டுகளும் எழுந்தன. தானே தொட்டுக்காட்டும் படப்பலகை வேறு, பிடித்த கை வேறு.

இனி எங்கள் வீட்டுக்கு வருவோம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, கோயில், விளையாட்டுக் கழகம், பிறந்தநாள் மண்டபம். அங்கே பேசாத ஒரு பிள்ளை இருந்தால் "கண்ணூறு", "வளர வளரப் பேசும்" என்கிறோம். அல்லது அந்தப் பிள்ளையை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறோம். மாமாவுக்குக் கொஞ்சு என்று விருப்பமில்லாத பிள்ளையைத் தள்ளிவிடுகிறோம். அது கத்தினால் வெட்கப்படுகிறோம். ஏன் கத்தியது என்று கேட்பதில்லை. பிள்ளைகளின் பாதுகாப்புக்கு எங்கள் சங்கங்கள் விதி எழுதத் தொடங்கும்போது, தலைவரும் செயலாளரும் பொருளாளரும் இருந்து எழுதினால் போதாது. ஓட்டிசத்தோடு வளர்ந்து, அடிபட்டு, இன்று பெரியவர்களாகிவிட்டவர்கள் எங்களுக்குள்ளும் இருப்பார்கள். முதலில் அவர்களைத் தேடிப்போய்க் கேட்போம். பதில் வரும்வரை காத்திருப்போம்.