ஆயா மிஷினுக்கு ஒரு ஷட்டில்: தைத்த துணியும் தையல் மிஷினும் நம் வரலாறும்



சிங்காரப்பேட்டை காலனியில் ஒரு வீட்டில் பழைய தையல் மிஷின் ஒன்று இருக்கிறது. கறுப்பு உடம்பு, பாதி அழிந்துபோன பொன்னிறப் பூவேலை, கையால் சுற்றுகிற சக்கரம். அந்த வீட்டுத் தங்கை பெங்களூர் ஓசூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் சில வருடம் தைத்தவர். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு ஊரோடு இருக்கிறார். "அண்ணா, ஷட்டில் ஒண்ணு மட்டும் கெடைச்சா போதும்ணா. ஆயா மிஷின் ஓடிடும். ஒரு ஜாக்கெட், ரெண்டு பாவாடைன்னு தைச்சாலும் பால் காசு வந்துடும்" என்றார்.

சாதாரண வேலை என்றுதான் நினைத்தேன். ஊத்தங்கரையில் கேட்டோம், கிருஷ்ணகிரியில் கேட்டோம், ஓசூரில் கேட்டோம். எல்லாக் கடையிலும் ஒரே பதில்: "இது படகு ஷட்டிலுங்க, இப்ப வர்றதில்ல. எடைக்குப் போட்டுட்டு புதுசு வாங்கிக்கோங்க." அந்த அலைச்சலில்தான் ஒரு சின்ன இரும்புத் துண்டுக்குள் எவ்வளவு வரலாறு இருக்கிறது என்று புரிந்தது.

முதலில் அந்த மிஷின் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பழைய சிங்கர் மிஷின்களின் அடிப்பலகையில் ஒரு சின்னத் தகட்டிலோ அதன் அருகிலோ எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். எழுத்து தயாரித்த ஆலையைச் சொல்லும், எண் ஆண்டைச் சொல்லும். ஜி என்றால் அமெரிக்காவின் எலிசபெத் நகர ஆலை. ஒய் என்றால் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலை. ஆயா மிஷினில் இருப்பது ஒய். அதாவது 1920களிலோ 30களின் முற்பகுதியிலோ கிளைட்பேங்க் தொழிலாளர்கள் செய்து அனுப்பியது.

அந்த ஆலை 1885இல் திறக்கப்பட்டது. உச்ச காலத்தில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் மிஷின் செய்தது. 1911 மார்ச் மாதம், மிஷின் பெட்டிகளுக்குப் பாலிஷ் போடும் பிரிவில் ஆளைக் குறைத்து அதே வேலையை மிச்சமிருந்த பெண்கள் தலையில் கட்டினார்கள். 12 பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். சில நாட்களில் சுமார் 11,000 பேர் வெளியே வந்தார்கள். வேலைநிறுத்தம் தோற்றது, சுமார் 400 பேர் வேலை இழந்தார்கள். அப்படி விரட்டப்பட்டவர்களில் ஒருவரான ஆர்தர் மக்மானஸ் பின்னாளில் பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் தலைவரானார். 1980இல் அந்த ஆலை மூடப்பட்டது. 

கிளைட்பேங்கில் செய்தது சிங்காரப்பேட்டை சேரிக்கு எப்படி வந்தது? ஆயாவின் மாமனார் கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். 1880களில் இருந்து அந்தச் சுரங்கங்களை நடத்தியது ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயக் கம்பெனி. பூமிக்கு அடியில் உயிரைப் பணயம் வைத்து இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டில் இருந்தும் பழைய சேலம் மாவட்டத்தில் இருந்தும் போன நம் மக்கள். ஊரில் கூழும் நெல்லும்தான் கூலி, தங்கவயலில் கையில் காசு. காசு இருந்தால் ஆண்டையிடம் கேட்காமல் ஒரு பொருள் வாங்கலாம். சிங்கர் கம்பெனி தவணை முறையை அமெரிக்காவில் 1856இலேயே தொடங்கி, பின்னர் உலகம் முழுக்கப் பரப்பியது. முன்பணம் கொஞ்சம், மீதி மாதத் தவணை. நிலம் வாங்க முடியாத மக்கள் மிஷின் வாங்க முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

"தையல் மிஷின்தானே, இதில் என்ன அரசியல்?" என்று கேட்கும் தம்பி தங்கைகள் கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள்.

திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணிவதற்காகப் பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. அவர்கள் போட்ட குப்பாயம் தைத்த துணி. அதைத் தெருவில் கிழித்தார்கள். 1859 ஜூலை 26 அன்றுதான் மன்னரின் பிரகடனம் வந்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு.

1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள் மேல் எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் தன் நூலில் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக்கூடாது. சட்டை, கோட்டு, பனியன் போடக்கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ அணியக்கூடாது. இந்தப் பட்டியலைக் கவனித்துப் பாருங்கள். சட்டை, கோட்டு, ரவிக்கை, எல்லாம் தைத்த துணி! நெய்த துணியைச் சுற்றிக்கொள்வதைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கு, அளவெடுத்து உடம்புக்குப் பொருந்தத் தைத்த துணி நம் உடம்பில் ஏறுவது பொறுக்கவில்லை.

அண்ணல் அம்பேத்கர் 1927இல் மகாத் மாநாட்டுக்கு வந்த பெண்களிடம் பேசும்போது, சாதி அடையாளமாக இருக்கிற சேலைக்கட்டையும் கனத்த வெள்ளை உலோக நகைகளையும் விடச் சொன்னார். உடையைச் சில்லறை விஷயமாக அவர் ஒருபோதும் பார்க்கவில்லை.

சட்டப்படி தடை இல்லாத காலம் வந்த பிறகும் ஒரு கதவு மூடியே இருந்தது. ஊர்த்தெருத் தையல்காரர் நம் உடம்பைத் தொட்டு அளவெடுக்க மாட்டார். பழைய சட்டையை அளவுக்குத் திண்ணையில் வைத்துவிட்டு வர வேண்டும். இந்த மறுப்பு இந்தக் காலத்துத் தீண்டாமை ஆய்வுகளிலும் பதிவாகியிருக்கிறது. அப்படியானால் சேரிக்குள்ளேயே ஒரு தையல் மிஷின் வந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசியுங்கள். ஆயாவிடம் கேட்டேன். "எங்க வளவு பொண்ணுங்க எல்லாத்துக்கும் மொத ரவிக்கை நான்தான் தைச்சேன். யார் வாசல்லயும் நிக்கல" என்றார்.

சரி, அவ்வளவு பெருமை உள்ள மிஷின் ஏன் ஒரு ஷட்டில் இல்லாமல் கிடக்கிறது?

1924இல் ஜி. ராமச்சந்திரன் என்ற மாணவர் காந்தியிடம், நீங்கள் எல்லா இயந்திரங்களுக்கும் எதிரியா என்று கேட்டார். காந்தி சிங்கர் தையல் மிஷினுக்கு விலக்கு கொடுத்தார். மனைவி படும் பாட்டைப் பார்த்து அன்பால் சிங்கர் அதைச் செய்தார் என்றார். சிங்கரின் வாழ்க்கையைப் படித்தவர்களுக்கு இது சிரிப்பை வரவழைக்கும், அது கிடக்கட்டும். அந்த மாணவர் விடவில்லை. அந்த மிஷினைச் செய்ய ஒரு பெரிய ஆலை வேண்டுமே என்றார். ஆமாம், அப்படிப்பட்ட ஆலைகள் அரசின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்று காந்தி ஒத்துக்கொண்டார். காந்தியோடு நமக்கு ஆயிரம் கணக்கு இருக்கிறது, ஆனால் மாணவரின் அந்தக் கேள்வி சரியான கேள்வி. வீட்டில் இருக்கிற மிஷின் நம்முடையதுதான். அதன் பாகத்தைச் செய்கிற ஆலை யாருடையது?

இதற்கு வரலாறு இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது.

முதல் பதில் ஆயா மிஷின். அதன் ஷட்டில் படகு மாதிரி நீளமானது, உள்ளே குச்சி மாதிரி நீள பாபின், முன்னும் பின்னும் ஊஞ்சல் போல ஆடும். இருபதாம் நூற்றாண்டின் நடுவிலேயே இந்த வகை வழக்கொழிந்தது. திருகாணியைக்கூட இரும்புக் கடையில் வாங்க முடியாது. சிங்கர் தனக்கென்று வைத்திருந்த மரையளவு அது.

இரண்டாவது பதில், நம் தெருக்களில் இன்றும் ஓடுகிற வட்ட பாபின் மிஷின். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சிங்கர் கொண்டுவந்த 15ஆம் வகையின் வாரிசு இது. முக்கியமான தையல் மிஷின் காப்புரிமைகள் 1877 வாக்கில் முடிந்துபோயின. பிறகு பல நாடுகளில் இந்த மாதிரியைப் பார்த்துச் செய்தார்கள். போருக்குப் பின் ஜப்பான் லட்சக்கணக்கில் செய்தது. இங்கே 1930களில் கல்கத்தாவில் ஜெய் இன்ஜினியரிங் ஒர்க்ஸ் உஷா மிஷினைக் கொண்டுவந்தது. லூதியானாவில் சின்னச் சின்னப் பட்டறைகள் பாகங்களைச் செய்யத் தொடங்கின. ஒருவர் செய்த பாபின் கேஸ் இன்னொருவர் மிஷினில் பொருந்தும். அதனால்தான் எழுபது வயதான 15ஆம் வகை மிஷினுக்கும் இன்று சந்தையில் பாகம் கிடைக்கிறது. மூடி வைத்த அறிவு ஆலையோடு செத்தது. பலர் கைக்குப் போன அறிவு பிழைத்தது. கல்விக்கும் இதுதான் கதை என்பது உங்களுக்குத் தெரியாததா?

இங்கே ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும்: அன்னை சத்தியவாணி முத்து. 1923இல் பிறந்தவர். 1953இல் ராஜாஜியின் குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்துச் சிறை சென்றவர். அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்ற திட்டம் அது. 1967இல் அண்ணா அமைச்சரவையில் அரிசன நலத்துறை அமைச்சர். ஒடுக்கப்பட்டோருக்குப் போதுமானது செய்யப்படவில்லை என்று 1974இல் வெளியேறி, தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார். 1979இல் ஒன்றிய அமைச்சரானார். தமிழ்நாடு அரசின் இலவசத் தையல் இயந்திரத் திட்டம் இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது. கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், ஏழைப் பெண்கள் விண்ணப்பிக்கலாம், தையல் கற்ற சான்றிதழ் வேண்டும்.

இந்தத் திட்டத்தைக் கேலி செய்கிறவன் நான் இல்லை. பல வீடுகளில் அது அடுப்பெரிய வைத்திருக்கிறது. ஆனால் குலக்கல்வியை எதிர்த்தவர் பெயரில் நடக்கும் திட்டம் என்பதால் ஒரு கேள்வி கேட்கலாம். நம் பெண்களைப் பார்த்ததும் எல்லோருக்கும் தையல் மிஷின் மட்டும் ஏன் ஞாபகம் வருகிறது? அந்த மிஷினைப் பிரித்து மாட்டுகிற மெக்கானிக் வேலையை அவர்களுக்கு ஏன் யாரும் சொல்லித்தருவதில்லை? ஓட்டத் தெரிந்தவள் பாகத்துக்காகக் கடைக்காரன் முன் நிற்கிறாள், பழுதுபார்க்கத் தெரிந்தவள் யார் முன்னும் நிற்பதில்லை.

நம் தங்கை கம்பெனியில் பல வருடம் தைத்தவர். ஆனால் அங்கே ஊசி உடைந்தால்கூட மெக்கானிக் வந்துதான் மாற்றுவாராம், அவர் ஆண். வீட்டு மிஷினுக்குக் கம்பெனி ஊசியைப் போட்டுப் பார்த்து "நிக்கலண்ணா" என்றார். நிற்காது. கம்பெனி பவர் மிஷின் ஊசியின் தண்டு முழு உருண்டை. வீட்டு மிஷின் ஊசியின் தண்டு ஒரு பக்கம் தட்டையானது. கடையில் எச்.ஏ.எக்ஸ்.1 என்று கேட்டால் கொடுப்பார்கள். இந்த ஒரு வரியை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இந்தப் பெண்கள் எதற்கும் லாயக்கில்லாதவர்கள் என்று யாராவது சொன்னால், 2016 ஏப்ரல் 18, 19 தேதிகளை ஞாபகப்படுத்துங்கள். வருங்கால வைப்புநிதியில் முதலாளி கட்டும் பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று ஒன்றிய அரசு விதி போட்டது. பெங்களூர் கார்மெண்ட்ஸ் பெண்கள் பெரிய தொழிற்சங்கம் எதற்கும் காத்திருக்காமல் ஆயிரக்கணக்கில் ஓசூர் ரோட்டில் உட்கார்ந்தார்கள். 19ஆம் தேதியே அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது. கிளைட்பேங்கின் 12 பெண்களுக்கு இவர்கள் தங்கைகள்.

ஷட்டில் கதைக்கு வருகிறேன். கடைசியில் பெங்களூர் சிக்பேட்டை பக்கம் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கிடைத்தது. எடைக்குப் போன ஒரு மிஷினில் இருந்து கழற்றி, பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். ஒரு ஷட்டில், இரண்டு நீள பாபின். மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, துடைத்து, மிஷின் எண்ணெய் போட்டு மாட்டினோம். முதல் தையல் தளர்ந்தது. ஷட்டிலின் மேலுள்ள சின்னத் திருகை ஒரு கால் சுற்று முடுக்கியதும் நின்றது. ஆயா ஒன்றும் பேசவில்லை, துணியைத் திருப்பி அடித்தையலைத்தான் பார்த்தார்.

உங்கள் ஊரில் செய்ய வேண்டியது இதுதான். பழைய மிஷினை எடைக்குப் போடுகிற வீட்டைப் பார்த்தால் தடுங்கள். முடியாவிட்டால் ஷட்டில், பாபின், ஊசிப்பட்டை, திருகாணிகளையாவது கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். பாகம் கேட்டுப் போகும்போது பழையதைக் கையில் எடுத்துப் போங்கள், எழுத்தையும் எண்ணையும் படம் எடுத்துப் போங்கள். நீள பாபினா வட்ட பாபினா என்று முதலில் சொல்லுங்கள். ஒவ்வொரு இரவுப் பள்ளியிலும் ஒரு நாள் மிஷினைப் பிரித்து மாட்டிக் காட்டுங்கள், பெண் பிள்ளைகள் கையால் பிரிக்கட்டும்.

அப்புறம் ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். உங்கள் ஒன்றியத்தில் கடந்த ஐந்தாண்டில் எத்தனை இலவச மிஷின் கொடுத்தார்கள், அதில் பட்டியல் சாதிப் பெண்கள் எத்தனை பேர், பழுதானால் எங்கே போவது, உதிரி பாகத்துக்கும் பழுதுபார்ப்புப் பயிற்சிக்கும் என்ன ஒதுக்கீடு? பதில் வந்ததும் அந்தப் பெண்களின் வீட்டுக்குப் போய், மிஷின் ஓடுகிறதா என்று பாருங்கள்.

ஒரு காலத்தில் நமக்கு ரவிக்கை கூடாது என்றார்கள். பிறகு அளவெடுக்க மாட்டோம் என்றார்கள். இன்று மிஷினைக் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். படத்துக்குப் பிறகும் அந்த மிஷின் ஓட வேண்டும். அதுதான் நம் கோரிக்கை.

ஜெய் பீம்!