குளிர்நாட்டு வீட்டினுள் குளத்து மீன்

கல்முனைக் கரையோரத்துப் பள்ளிவாசல்களிலே தொழுகைக்கு முன் கைகால் கழுவுவதற்கென ஹவுள் எனும் நீர்த்தொட்டி அமைந்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். என் சிறுபிராயத்தில் எங்கள் பள்ளிவாசல் ஹவுளிற் சில மீன்கள் வளர்ந்தன. அவை பாசியையும் நுளம்புக் குடம்பிகளையும் தின்று நீரைத் தூய்மையாக வைத்திருக்கும் என்பது பெரியவர்களின் எண்ணம். தொட்டியைக் கழுவும் நாளில் வெளியேறும் பச்சை நீர் அருகிலிருந்த தென்னைகளுக்குப் போய்ச் சேரும். ஊரிலே மற்றெந்தத் தென்னையும் அவற்றைப் போலக் காய்த்ததில்லை. அதற்குக் காரணம் யாது என்று அக்காலத்தில் நான் எவரிடமும் கேட்டதில்லை.

அக்கேள்வி பல்லாண்டுகளின் பின் கடல் கடந்து என்னிடம் வந்தது. கனடாவிலே குடியேறி வாழும் என் பழைய மாணவர் ஒருவர் சென்ற மாரியில் தொலைபேசியில் அழைத்தார். வீட்டின் நிலவறையில் தொட்டி வைத்து மீனும் கீரையும் ஒன்றாக வளர்க்க அவர் விரும்பினார். "சேர், நம்மட குளத்து மீன் இஞ்சத்தக் குளிருக்கு உயிரோட இருக்குமா?" என்று கேட்டார். நான் கலைப்பட்டதாரி, வரலாறு கற்பிப்பவன். ஆகவே, இம்முயற்சியை இதற்கு முன்னர் யார் செய்தார்கள், அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று தேடிப் பார்த்தேன். அத்தேட்டத்தின் பயனையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

மீனையும் பயிரையும் ஒரே நீரில் வளர்க்கும் முறை புதியதன்று. மாரிமழை பெய்து வாய்க்கால்கள் நிரம்பும்போது விராலும் கெளுத்தியும் நம் வயற்கண்டங்களுக்குள் ஏறி வருவதைச் சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் வேளாண்மை செய்வோர் தலைமுறை தலைமுறையாகக் கண்டுள்ளனர். நமது பகுதியில் மீன் தானே வந்தது. சீனத்திலோ மனிதர் அதனைக் கருதியே விட்டு வளர்த்தனர். அந்நாட்டின் செஜியாங் மாகாணத்து சிங்தியன் பகுதியில் நெல்வயலில் கெண்டைமீன் வளர்க்கும் வழக்கம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2005 ஆம் ஆண்டில் அதனை உலக வேளாண் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

இனி, என் மாணவர் 'நம்மட மீன்' என்று குறிப்பிட்ட திலாப்பியாவின் கதையைக் கேளுங்கள். அது உண்மையில் நம்முடையதன்று. தென்கிழக்கு ஆபிரிக்காவின் ஆறுகளிலும் கழிமுகங்களிலும் பிறந்த இனம் அது. 1930களின் பிற்பகுதியில் யாவாத் தீவின் தென்கரையிலே, பிளித்தார் என்னும் ஊரைச் சேர்ந்த முஜாயிர் என்பவர் அதனைக் கண்டெடுத்து நன்னீரிற் பழக்கினார். இந்தோனேசியர் இன்றும் அம்மீனை அவர் பெயராலேயே அழைக்கின்றனர். அங்கிருந்து ஆசிய நாடுகள் பலவற்றுக்கும் பரவிய திலாப்பியா, 1952 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தது. தமிழ்நாட்டார் அதனை ஜிலேபிக் கெண்டை என்பர்.

அது வந்த காலமும் நமக்கு வாய்த்த காலமாயிற்று. 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டு, நம் முன்னோர் பட்டிப்பளை ஆறு என்று அழைத்த ஆற்றை இங்கினியாகலையில் மறித்து, சேனாநாயக்க சமுத்திரம் எழுந்த காலம் அது. புதிய நீர்ப்பரப்புகளிலும் பழைய குளங்களிலும் திலாப்பியா விரைந்து பெருகிற்று. காலப்போக்கில் இந்நாட்டுக் குளங்களிற் பிடிபடும் மீனில் பெரும்பங்கு திலாப்பியா இனங்களாகவே ஆயிற்று. கடல் கொந்தளித்துத் தோணி இறங்க முடியாத நாட்களில் நம் சந்தைகளில் கறிக்கு மீன் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணமாகும்.

அடுத்து, ஹவுள் நீர் தென்னைக்கு உரமான மர்மத்துக்கு வருவோம். மீன் தன் பூக்களின் வழியாக அமோனியாவை வெளியிடுகிறது. அது தொட்டியிலே தங்கிப் பெருகினால் மீனுக்கே நஞ்சாகும். 1877 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு விஞ்ஞானிகளான சுலோசிங், முன்ற்ஸ் என்போர் கழிவுநீரை மணல் நிரப்பிய குழாயினூடாகச் செலுத்திப் பார்த்தனர். ஏறக்குறைய 20 நாட்கள் யாதொரு மாற்றமும் இல்லை. பின்னர் அமோனியா மறைந்து நைத்திரேற்று தோன்றிற்று. குளோரபோம் ஆவியைச் செலுத்தியதும் அம்மாற்றம் நின்றுவிட்டது. எனவே, அது உயிர்களின் வேலையே என்பது வெளியாயிற்று. 1890 ஆம் ஆண்டளவில் உருசிய அறிஞர் வினோகிராட்ஸ்கி அந்நுண்ணுயிர்களைத் தனியே பிரித்துக் காட்டினார். ஒருவகை பக்டீரியா அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றுகிறது. மற்றொரு வகை அதனைப் பயிர் விரும்பி உண்ணும் நைத்திரேற்றாக மாற்றுகிறது.

அந்த 20 நாட் பாடத்தை நான் பெருஞ்செலவிற் கற்றவன். எங்கள் பாடசாலையில் மாணவர்களைக் கொண்டு சீமெந்துத் தொட்டி ஒன்று கட்டுவித்து, முதல் நாளிலேயே நிறைய மீன்குஞ்சுகளை விடுமாறு சொன்னவன் நானே. இரண்டாவது வாரத்தில் அவை ஒவ்வொன்றாய் மிதந்தன. நுண்ணுயிர்கள் குடியேறுமுன் மீனைக் குடியேற்றியதே பிழை. மாணவர்கள் என்னைக் குறை கூறவில்லை. ஆனால் அவர்களுடைய முகங்களை நான் இன்னும் மறக்கவில்லை.

வெப்பநாட்டிலேயே இவ்வளவு நுட்பமான காரியம் குளிர்நாட்டில் எவ்வாறாகும்? திலாப்பியா 25 பாகை முதல் 30 பாகை செல்சியசு வரையிலான நீரிற் செழித்து வளரும். 20 பாகைக்குக் கீழே இரை கொள்ளல் குறையும். 10 பாகையை அணுகினால் உயிர் தரிக்காது. மேற்சொன்ன நுண்ணுயிர்களும் குளிரிலே மந்தமடைகின்றன. மாரிகாலத்துப் பகலோ குறுகியது. பயிருக்கு ஒளி போதாது. ஆக, மீன், நுண்ணுயிர், பயிர் ஆகிய மூன்றும் ஒருங்கே சோர்வடைகின்றன.

இதற்கு வரலாறு இரண்டு வழிகளைக் காட்டுகிறது. நீருக்கு ஏற்ற மீனைத் தேடுவது ஒன்று. மீனுக்கு ஏற்றவாறு நீரைச் சூடாக்குவது மற்றொன்று.

முதல் வழிக்கு நமது நுவரெலியாவே சான்று. 6,000 அடிக்கு மேலே அமைந்த அம்மலைநகரின் ஓடைகளுக்கென 1882 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கபில நிற ட்ரவுட் மீனின் முட்டைகளைக் கப்பலில் வருவித்தனர். பின்னர் வந்த வானவில் ட்ரவுட் அங்கே இனம்பெருக்கி நிலைத்தது. 20 பாகைக்கு மேற்பட்ட நீரில் அம்மீன் வாடும். குளிர்ந்து ஓடும் நீரே அதற்கு இன்பம். அவர்கள் நீரைச் சூடாக்க முயலவில்லை. குளிருக்குப் பழகிய மீனைக் கொணர்ந்தார்கள்.

இரண்டாம் வழியை மேற்கொண்டவர்கள் வட அமெரிக்காவின் இளைஞர் சிலர். 1969 ஆம் ஆண்டில் ஜோன் ரொட், நான்சி ஜாக் ரொட், வில்லியம் மக்லார்னி ஆகியோர் புதிய இரசவாத நிறுவனம் என்ற பெயருடன் ஓர் அமைப்பைத் தொடங்கினர். மசாசூசெற்ஸ் மாநிலத்துக் கொட்முனை அதன் களமாயிற்று. குடும்பமொன்று தன் உணவையும் வெப்பத்தையும் ஞாயிற்றின் ஒளியிலிருந்தே பெறவேண்டும் என்பது அவர்களது இலட்சியம். ஒளி புகும் கண்ணாடியிழைத் தொட்டிகளில் நீர் நிரப்பித் திலாப்பியாவை வளர்த்தனர். பகலில் அந்நீர் வெப்பத்தை வாங்கிச் சேமித்து, இரவில் அதனைக் கூடத்துக்கு மீண்டும் அளித்தது. ஒரு லீற்றர் நீர் ஒரு பாகை குளிரும்போது ஒரு கிலோகலோரி வெப்பத்தை வெளிவிடும். எனவே, ஆயிரம் லீற்றர்த் தொட்டி மீனுக்கு வீடாவதுடன் வீட்டுக்கு அடுப்பாகவும் உதவுகிறது. மீன் வாழ்ந்த நீர் செடிகளுக்குப் பாய்ந்தது.

1976 ஆம் ஆண்டில் அவர்கள் கொட்முனையிலும், கனடாவின் இளவரசர் எட்வேட் தீவிலும் 'பேழை' எனப் பெயரிட்ட கட்டடங்களை எழுப்பினர். தீவிலிருந்த பேழையில் குடியிருக்கும் வீடும், மீன்தொட்டிகளும், பயிர்க்கூடமும் ஒரே கூரையின் கீழ் அமைந்தன. அதனை அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்திற் பிரதமர் பியர் ட்ரூடோ திறந்து வைத்தார். வெளியே உறைபனி மூடிய காலத்திலும் உள்ளே கீரை தழைத்தது. ஆபிரிக்க மீன் நீந்திற்று.

ஆயினும் நேயர்களே, கதை அத்துடன் முடியவில்லை. தீவுப் பேழை பொதுப்பணத்தால் எழுந்தது. அங்கே நிறுவிய காற்றாலை எதிர்பார்த்தபடி தொழிற்படவில்லை. சில ஆண்டுகளில் ஆர்வமும் ஆதரவும் குன்றின. கட்டடம் கைமாறி, வேறு பயன்களுக்கு உள்ளாகி, ஈற்றில் இடிக்கப்பட்டது. நிறுவனமும் 1991 இல் மூடப்பட்டது. கொட்முனைப் பேழையின் விதி வேறாயிற்று. அந்நிறுவனத்தில் உழைத்தவர்களே அவ்விடத்தை வாங்கி, அருகிலேயே குடியிருந்து, அதனைப் பழுதுபார்த்துப் பேணினார்கள். நிறுவனம் மறைந்த பின்னரும் அப்பேழை நெடுங்காலம் நிலைபெற்றது. இரண்டு இடத்திலும் குளிர் ஒன்றே, யுக்தியும் ஒன்றே. நாள்தோறும் தொட்டியின் அருகே நின்று பார்க்கும் ஒருவர் ஓரிடத்தில் இருந்தார். மற்ற இடத்தில் இல்லாமற் போனார். நான் கண்ட வேற்றுமை இதுவே.

மீனும் பயிரும் சேர்ந்த இம்முறையை அளவிட்டு வகுத்துப் பெருந்தொகையான விளைச்சலுக்கு உரியதாக்கியவர் ஜேம்ஸ் ரக்கோசி. 1980களிலிருந்து அவர் பணிபுரிந்த இடம் கரிபியன் கடலிலுள்ள வேர்ஜின் தீவுகளின் பல்கலைக்கழகம். மாரி என்றால் மழை மாத்திரமே என்று அறிந்த வெப்பநிலம் அது. வெப்பத்துக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லாத இடத்திலேயே இக்கலை பெருந்தொழிலாக வளர்ந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

இவற்றையெல்லாம் கற்ற பின் என் மாணவருக்கு நான் கூறிய விடை இது: "உங்கள் மாகாணச் சட்டம் எந்த மீனை அனுமதிக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். தொட்டியை வெறும் தரையில் வையாது றெஜிபோம் பலகையின் மேல் வைத்து, பக்கங்களையும் போர்த்து, மேலே மூடி இடுங்கள். வெப்பம் பெரிதும் ஆவியாகவே தப்பி ஓடும். நீரை 24 பாகைக்குக் குறையாமல் காத்துக்கொள்ளுங்கள். இயலாவிடின், குளிர் விரும்பும் மீனையே வளருங்கள். மீன் குறைவாகவும் செடி நிறைவாகவும் இருக்கட்டும். நீர் குளிர்ந்த நாளில் இரையையும் குறையுங்கள். தின்னாத இரை நஞ்சாகும். மாரியில் விளக்கொளி வேண்டும். மின்சாரம் தடைப்பட்டாலும் காற்றூட்டும் கருவி நில்லாதிருக்க மின்கலம் ஒன்றை ஆயத்தமாக வையுங்கள். முதல் மாதம் பொறுமையாயிருங்கள். மின்கட்டணத்தைக் கூட்டிப் பார்த்தால் சந்தை மீன் மலிவாக இருக்கலாம். அதனையும் அறிந்தே தொடங்குங்கள்."

அவர் சிரித்துவிட்டு, "மீனுக்காக இல்ல சேர், புள்ளைகளுக்குக் காட்டத்தான்" என்றார். பனி பெய்யும் ஊரிலே பிறந்த பிள்ளைகளுக்குத் தகப்பனின் ஊர்க் குளத்தைக் காட்டும் ஆசை அது. அந்த ஆசைக்கு என்னிடம் மறுமொழி இல்லை.

நமக்கோ, அவர் காசு கொடுத்து வாங்கும் வெப்பம் இலவசமாகக் கிடைக்கிறது. நம்முடைய இடர் வேறு. மருதமுனை முதல் சாய்ந்தமருது வரை கடலுக்கும் வயலுக்கும் இடையே வீடுகள் நெருங்கி நிற்கின்றன, கீரைப்பாத்திக்கு நிலமில்லை. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் ஏறி வந்தபோது உயிர்களையும் வீடுகளையும் கொண்டு சென்றதுடன் கிணறுகளையும் உப்பாக்கிச் சென்றது. மணல் நிலத்தில், சிறிதளவு நல்ல நீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஒரு முறை நமக்குத் தேவையே. ஒரு பழைய பீப்பாய், ஒரு கூடை சல்லிக்கல், பத்து மீன், ஒரு கட்டுக் கங்குன் தண்டு ஆகியவை தொடங்குவதற்குப் போதும். ஆனால் அம்மீனை ஆற்றிலோ களப்பிலோ கொண்டுபோய் விடாதீர்கள். அங்குள்ள நாட்டு மீன்களுக்கும் வாழ இடம் வேண்டும்.

எங்கள் பாடசாலைத் தொட்டியில் இப்போது மீண்டும் மீன் நீந்துகிறது. இம்முறை 20 நாட்கள் காத்திருந்தோம். காலை மணி அடிக்குமுன் அதனைப் பார்த்துவரும் பொறுப்பு ஆறாம் வகுப்பு மாணவர்களுடையது. அவர்கள் ஒரு நாளும் தவறியதில்லை.