தீண்டாமல் ஒலிக்கும் நரம்புகள்

கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த மலையாளிப் பழங்குடி முதியவர் ஒருவர் தம் குறையைச் சொல்லத் தொடங்கினார். பாதியிலேயே அறிவுரை கூறி அனுப்பிவிட்டோம். அன்று மாலை ‘எ மீட்டிங் பை தி ரிவர்’, அதாவது ‘ஆற்றங்கரைச் சந்திப்பு’ என்னும் இசைத்தட்டைக் கேட்டபோது அவருடைய முகம் நினைவில் நின்றது.

கிதார் ஐரோப்பியரின் கருவி. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹவாய்த் தீவினர் அதை மடியில் கிடத்தி, நரம்புகளின்மேல் உலோகத் துண்டை வழுக்கி வாசிக்கலாயினர். அம்முறை பின்னர் இந்தியாவுக்கும் வந்தது. ரவிசங்கரின் மாணாக்கரான விஸ்வ மோகன் பட், அக்கருவியில் கூடுதல் நரம்புகளைப் பூட்டி, மோகன வீணை எனப் பெயரிட்டார். அவற்றுள் பல விரல் படாதவை. அருகிலுள்ள நரம்பு அதிரும்போது தாமும் உடன் ஒலிப்பவை.

பட்டும் அமெரிக்கக் கிதார்க் கலைஞர் ரை கூடரும் 1992 செப்டம்பரில், கலிபோர்னியாவின் சாந்தா பார்பரா நகரில், பிரான்சிஸ்கன் துறவியரின் புனித அந்தோனியார் குருமடச் சிற்றாலயத்தில் சந்தித்தனர். பதிவு செய்தவர் இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர். முன்பின் பழகாத இருவரும் ஒத்திகையின்றி வாசித்தனர். ஒருவர் தொடங்க, மற்றவர் காத்திருந்து விடையளிக்கிறார். இவ்விசைத்தட்டு 1994-இல் கிராமி விருது பெற்றது. அடுத்து, மாலி நாட்டின் உழவரும் கிதார்க் கலைஞருமான அலி ஃபர்க்கா தூரேயுடன் கூடர் அமர்ந்தார். அவர்களுடைய ‘டாக்கிங் டிம்பக்டு’ 1995-இல் அதே விருதைப் பெற்றது. மொழியும் நாடும் வேறாயினும், செவிமடுத்தல் அவர்களை இணைத்தது.

ஆயினும் ஓர் உண்மையை மறைத்தல் தகாது. அக்குருமடம் 1987-இல் மூடப்பட்டது. இசைத்தட்டு வெளிவந்த 1993-ஆம் ஆண்டிலேயே, அங்கே துறவியர் சிலர் முப்பதுக்கும் மேற்பட்ட சிறுவர்களைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கியதை விசாரணைக் குழு ஒன்று வெளிப்படுத்தியது. நுண்ணிய இசைக்கு இடம் தந்த அவ்வளாகத்தில் அச்சிறுவர்களின் குரல் பல்லாண்டுகள் கேட்கப்படவில்லை.

குருமடத்தில் நாம் மறையுரை ஆற்றப் பயின்றோம். செவிமடுக்கப் பயின்றோமா? விரல் படாத நரம்பும் அயலானின் அதிர்வுக்கு அசைகிறதே. அருளின் பணியாளர் எனப் பெயர் கொண்ட நாம் அதனினும் இறுகிப் போகலாமா?

அம்முதியவர் இன்னும் திரும்பி வரவில்லை. வரும் வாரம் மலையேறி, அவர் விட்ட இடத்திலிருந்து சொல்லுமாறு வேண்டுவோம்.