ஓணானுக்குக் காய்ச்சல் வருமா?

காலை எட்டு மணிக்கு மதுராந்தகம் ஏரிக்கரையில் நடந்து பாருங்கள். கரைக் கற்களின் மேல் ஓணான்கள் உடலைப் பரப்பிக்கொண்டு அசையாமல் கிடக்கும். கடற்கரைப் பக்கம் போனால், ரோமுலஸ் விட்டேக்கர் முதலியோர் 1976இல் தொடங்கிய வடநெம்மேலி முதலைப் பண்ணையிலும் இதே காட்சிதான். சோம்பேறிப் பிராணிகள் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அவை ஒரு வேலையில் ஈடுபட்டிருக்கின்றன. உடலின் வெப்பநிலையைச் சரிசெய்யும் வேலை அது.

குளிர் இரத்தமா?

ஊர்வனவற்றைக் 'குளிர் இரத்தப் பிராணிகள்' என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். இப்பெயர் அவ்வளவு பொருத்தமானதன்று. அமெரிக்கப் பாலைவனப் பல்லிகளையும் பாம்புகளையும் ஆராய்ந்த கௌல்ஸ், போகர்ட் என்ற இருவர் 1944இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். இப்பிராணிகள் வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிச் சென்று, பகலில் தம் உடல் வெப்பத்தை ஒரு குறுகிய எல்லைக்குள் வைத்துக்கொள்கின்றன என்று அதில் காட்டினர். நம் உடலில் அடுப்பு உள்ளே இருக்கிறது. அவற்றுக்கு அடுப்பு வெளியே, வானத்தில் இருக்கிறது. வேறுபாடு அவ்வளவுதான்.

அப்படியானால் நோய் வந்தால் அவை என்ன செய்யும்?

பகையா, நட்பா?

இக்கேள்விக்குப் பின்னால் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. காய்ச்சல் நோயின் கேடா, உடலின் தற்காப்பா? 1899இல் ஆஸ்பிரின் விற்பனைக்கு வந்தபின், காய்ச்சலை உடனே தணிக்க வேண்டிய பகையாகக் கருதுவது எளிதாயிற்று. ஆனால் 1917இல் ஆஸ்திரிய மருத்துவர் வாக்னர்-யாவ்ரெக், மேகநோயால் மூளை பாதிக்கப்பட்டவர்களுக்கு வேண்டுமென்றே மலேரியாக் காய்ச்சலை உண்டாக்கிச் சிகிச்சை செய்தார். அதற்காக 1927இல் அவருக்கு நோபெல் பரிசும் கிடைத்தது. அபாயமான அம்முறை பெனிசிலின் வந்ததும் மறைந்துபோயிற்று. வழக்கு மட்டும் தீரவில்லை.

மனிதனை வைத்து இதைத் தீர்ப்பது கடினம். நம் வெப்பநிலையை வெளியிலிருந்து நினைத்தபடி நிறுத்திவைக்க முடியாது. பல்லியிலோ அது சோதிப்பவர் கையில் இருக்கிறது. அறையின் வெப்பம் எதுவோ, பல்லியின் வெப்பமும் ஏறக்குறைய அதுவே!

மூன்று சோதனைகள்

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாத்யூ க்ளூகரும் அவர் குழுவினரும் பாலைவன இகுவானா என்ற பல்லியை எடுத்துக்கொண்டனர். 1974இல் வெளியான முதல் சோதனையில், கொல்லப்பட்ட பாக்டீரியாவை ஊசி மூலம் செலுத்தினர். பல்லிகள் வழக்கத்தைவிடச் சூடான இடத்தைத் தேடிச் சென்றன. உடல் வெப்பம் சுமார் 2 டிகிரி செல்சியஸ் உயர்ந்தது. அதாவது, காய்ச்சலை அவை தாமே நடந்துபோய் வாங்கிக்கொண்டன.

அதனால் பயன் உண்டா? 1975இல், உயிருள்ள பாக்டீரியாவைச் செலுத்திய பல்லிகளை 34, 36, 38, 40, 42 டிகிரிகளில் தனித்தனியே வைத்தனர். 34 டிகிரியில் இருந்தவை எல்லாம் மடிந்தன. 40, 42 டிகிரிகளில் இருந்தவற்றுள் பெரும்பாலானவை பிழைத்தன.

1976இல் க்ளூகரும் பெர்ன்ஹைமும் இன்னொன்று செய்தனர். நோயுற்ற 12 பல்லிகளுக்கு, ஆஸ்பிரினுக்கு உறவான சோடியம் சாலிசிலேட் என்னும் காய்ச்சல் மருந்தைக் கொடுத்தனர். ஏழு பல்லிகளுக்குக் காய்ச்சல் வரவில்லை, ஏழும் இறந்தன. மருந்தையும் மீறி ஐந்துக்குக் காய்ச்சல் வந்தது, ஐந்தும் பிழைத்தன. மருந்தே நஞ்சென்றால் இந்த ஐந்தும் மடிந்திருக்க வேண்டும் அல்லவா?

வெப்பம் என்ன செய்கிறது?

1978இல் இதே குழுவினர் ஒரு காரணத்தைக் கண்டனர். நோயுற்ற பல்லியின் இரத்தத்தில் இரும்பின் அளவு குறைகிறது. வெப்ப உயர்வும் இரும்புக் குறைவும் சேரும்போது பாக்டீரியா பெருகத் திணறுகிறது. நம் நாட்டிலும் ஊர்வனவற்றின் நோய் எதிர்ப்பாற்றல் ஆராயப்பட்டிருக்கிறது. 1970களில் மதுரையில் பேராசிரியர் முத்துக்கருப்பன் குழுவினர் நம் ஓணானைக் கொண்டே அதை ஆராய்ந்தனர். 2001இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தார் வீட்டுப் பல்லியின் மண்ணீரல் அணுக்களைச் சோதித்தனர். கிருமிகளை விழுங்கும் அவற்றின் திறன் வெப்பநிலையைப் பொறுத்து மாறுவதைக் கண்டனர். குளிரும் ஆகாது, மிகைச் சூடும் ஆகாது.

இயற்பியல் ஆசிரியன் என்பதால் ஒரு கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. 50 கிராம் எடையுள்ள பல்லியின் வெப்பம் 2 டிகிரி உயர ஏறக்குறைய 350 ஜூல் வேண்டும். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் தருகிறது. பல்லியின் முதுகு 20 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால் அதற்கு 2 வாட் கிடைக்கும். வெப்ப இழப்பைத் தள்ளிவிட்டால், மூன்று நிமிடம் போதும்! நாமோ ஒவ்வொரு டிகிரிக்கும் உணவைப் பத்துச் சதவீதம் போல அதிகமாக எரிக்க வேண்டும். பல்லி தரும் விலை வேறு. வெட்டவெளியில் கிடப்பதால் காக்கைக்கும் பருந்துக்கும் இரையாகும் அபாயம் அதற்கு உண்டு.

இதைப் படித்துவிட்டுக் காய்ச்சலுக்கு மருத்துவரே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நாம் ஓணான் அல்ல. அளவு மீறிய காய்ச்சல் நம்மைக் கொல்லவும் கூடும். எப்போது தணிப்பது, எப்போது விடுவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் காய்ச்சல் வெறும் கேடு அன்று; உயிர்களின் மிகப் பழைய ஆயுதங்களுள் ஒன்று. மீன்களிலும் பூச்சிகளிலும்கூட இவ்வழக்கம் காணப்பட்டிருக்கிறது.

அணில் இராமருக்கு உதவியது, ஓணான் உதவவில்லை என்று கதை சொல்லி ஓணானின் மேல் கல்லெறிவது எங்கள் பக்கத்துச் சிறுவர்களின் வழக்கம். ஏரி காத்த இராமர் கோயில் கொண்டிருக்கும் ஊரிலேயே நானும் எறிந்திருக்கிறேன். இப்போது கரையில் வெயில் காயும் ஓணானைக் கண்டால் விலகி நடக்கிறேன். அது நோயாளியாக இருக்கலாம், மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.