வழி கேட்டவர்கள்

பயங்கரக் கதை படிப்பதற்கு ஏற்ற இடம் எது என்று யாராவது என்னைக் கேட்டால், ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்குப் போகும் காலை நேரத்து மின்சார ரயில் என்றுதான் சொல்வேன். நடுநிசியும் பாழடைந்த பங்களாவும் வேண்டியதே இல்லை. நாலு பேர் உட்காருகிற பலகையில் ஐந்து பேர் உட்கார்ந்து, பக்கத்து ஆசாமியின் முழங்கை நம் விலாவில் குத்திக்கொண்டிருக்கும்போது, 'இந்த மனிதர் திடீரென்று என் கழுத்தைக் கடித்தால் என்ன செய்வது?' என்று ஒரு நாவல் நம்மை யோசிக்க வைக்குமானால் அதைவிடப் பயங்கரம் வேறு உண்டோ?

அமெரிக்க நாவலாசிரியர் ஸ்டீபன் கிங் 2006-இல் வெளியிட்ட 'ஸெல்' என்ற நாவல் அப்படிப்பட்டது. அக்டோபர் முதல் தேதி, பிற்பகல் மூன்று மணி மூன்று நிமிஷம். பாஸ்டன் நகரத்தில் ஒரு பூங்காவின் ஓரமாக ஐஸ்கிரீம் வண்டி நிற்கிறது. நாகரிகமாக உடுத்திய ஒரு சீமாட்டி செல்போனில் பேசிக்கொண்டே ஐஸ்கிரீம் வாங்க வருகிறாள். செல்போன் வழியாக ஏதோ ஓர் அலை வருகிறது. அவ்வளவுதான், அந்த அம்மாள் ஐஸ்கிரீம்காரன் மேல் பாய்கிறாள். அந்த நிமிஷத்தில் உலகத்தில் யார் யார் செல்போனைக் காதில் வைத்திருந்தார்களோ அத்தனை பேருக்கும் மூளை துடைத்துவிட்ட சிலேட்டாகப் போகிறது. எஞ்சியிருப்பது கொலை வெறி ஒன்றே. செல்போன் இல்லாத சித்திரக்காரன் ஒருவன் தன் மகனைத் தேடிக்கொண்டு ஊர் ஊராக நடக்கிறான். புத்தகத்தின் அட்டையிலேயே, ஆசிரியரிடம் செல்போன் கிடையாது என்று அச்சிட்டிருந்தார்கள். விளம்பரமென்றாலும் ரசிக்கத்தக்க விளம்பரம்.

அண்ணனூர், திருமுல்லைவாயில், அம்பத்தூர் என்று ஸ்டேஷன்கள் போய்க்கொண்டிருந்தன. தலையை நிமிர்த்திப் பார்த்தேன். வண்டி முழுவதும் குனிந்த தலைகள். ஒவ்வொரு கையிலும் அந்தக் கண்ணாடிச் சில்லு. ஆவடியில் டாங்கி செய்கிறார்கள். 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி அந்தத் தொழிற்சாலையிலிருந்து உருண்டு வெளியே வந்தது. மனிதர்களைக் கொல்வதற்கென்றே செய்த யந்திரம் அது. அதைக் கண்டு ஆவடிக்காரர் யாரும் பயந்ததாக நான் அறியேன். சட்டைப் பையில் கிடக்கும் சில்லுக்கு அல்லவா பயப்படச் சொல்கிறார் இந்த ஆசிரியர்!

படித்து முடித்ததும் எனக்கு ஒரு குறை தோன்றியது. கிங் நம்மைப் பயமுறுத்துகிறார். கூடவே நமக்குப் பெரிய ஆறுதலையும் அளித்துவிடுகிறார். கொலை செய்தவர்களுக்கு அவர் கதையில் மூளையே கிடையாது. ஆகவே குற்றமும் கிடையாது; எல்லாப் பழியும் யந்திரத்தின் தலையில் விழுகிறது. நிஜத்தில் நடந்தது அப்படியல்ல. நடந்ததும் பாஸ்டனில் அல்ல, நம்முடைய வட ஜில்லாக்களிலேதான்.

2018-ஆம் வருஷத்துக் கோடை. வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கிற கூட்டம் வந்திருக்கிறது என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி பரவியது. அம்பத்தூரில் எங்கள் தெருவிலும் அது வந்தது. காய்கறி வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி என்னிடம் அந்தப் படத்தைக் காட்டினார். மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறந்துவிடுகிறார்கள். பார்க்கிறவர்களுக்குப் பகீரென்று இருக்கும். எனக்கும் இருந்தது.

அந்தப் படம் கராச்சியில் எடுக்கப்பட்டது. குழந்தைகளை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோருக்குச் சொல்வதற்காக ஒரு தொண்டு நிறுவனம் நடிகர்களை வைத்து எடுத்த விளம்பரப் படம். அதன் கடைசியில் அதே மோட்டார் சைக்கிள் திரும்பி வரும். குழந்தையைப் பத்திரமாக இறக்கிவிட்டு, எச்சரிக்கை எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். யாரோ ஒருவர் அந்த வாலை மட்டும் நறுக்கிவிட்டார். வாலில்லாத அந்தப் படம்தான் இந்தியா முழுவதும் சுற்றியது.

ஏப்ரல் மாத முடிவில் குடியாத்தம் பக்கத்தில் இந்தி பேசிய ஒருவரை ஜனங்கள் அடித்துக் கொன்றார்கள். மே மாதம் 9-ஆம் தேதி திருவண்ணாமலை ஜில்லாவில், போளூருக்குப் பக்கத்தில் உள்ள அத்திமூரில் நடந்ததை மட்டும் சற்று நின்று சொல்லவேண்டும்.

சென்னையிலிருந்து ஒரு குடும்பத்தார் காரில் குலதெய்வத்தின் கோயிலைத் தேடிக்கொண்டு போனார்கள். மொத்தம் ஐந்து பேர். மலேசியாவிலிருந்து வந்திருந்த உறவினரும் அதில் உண்டு. குலதெய்வம் கோயில் என்றால் நமக்குத் தெரியாதா? பாட்டன் காலத்தில் விட்டுப்போன ஊராக இருக்கும். வேப்ப மரத்தையும் ஏரிக்கரையையும் அடையாளம் சொல்லி, இறங்கி இறங்கி விசாரித்துக்கொண்டுதான் போகவேண்டும். அவர்களும் அப்படித்தான் ஓர் ஊரில் வண்டியை நிறுத்தி வழி கேட்டார்கள். அங்கே இருந்த குழந்தைகளுக்கு 65 வயதான ஓர் அம்மாள் சாக்லேட் கொடுத்தார். வெளியூருக்குப் போகும் எந்தப் பாட்டியும் செய்கிற காரியம்.

ஊரார் சந்தேகப்பட்டார்கள். கூட்டம் சேர்வதைக் கண்டு பயந்து அவர்கள் காரைக் கிளப்பினார்கள். பயந்து ஓடியதே குற்றத்துக்குச் சாட்சி ஆகிவிட்டது. கார் வேகமாகத்தான் போயிற்று. செல்போன் அதைவிட வேகமாகப் போயிற்று. அடுத்த ஊரில் கூட்டம் தயாராக நின்றது. ஐந்து பேரையும் இழுத்துப்போட்டு அடித்தார்கள். அந்த அம்மாள் இறந்துபோனார். மற்ற நால்வருக்கும் பலத்த காயம். அடித்ததையும் செல்போனிலேயே படம் பிடித்திருந்தார்கள்.

அதே வாரத்தில் பழவேற்காட்டில், ஆவடியும் பூந்தமல்லியும் இருக்கும் அதே திருவள்ளூர் ஜில்லாவில், சித்த சுவாதீனமில்லாதவர் என்று கருதப்பட்ட ஒருவரை அடித்துக் கொன்று பாலத்திலிருந்து தொங்கவிட்டார்கள். அவரால் தன் பெயரைச் சொல்லியிருக்க முடியுமா என்பதே சந்தேகம்.

இவர்களில் யாருக்கும் மூளை துடைத்த சிலேட்டாகிவிடவில்லை. அதுதான் என் நெஞ்சை உறுத்துகிறது. மூளை நன்றாக வேலை செய்தது. அந்நியர்கள், கார், குழந்தை, மிட்டாய். படத்தில் பார்த்ததோடு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து, கணக்குப் போடுவதுபோல் முடிவுக்கு வந்தார்கள். பெற்ற பிள்ளை மேல் இருந்த பாசம் கையில் கட்டையை எடுத்துக் கொடுத்தது. கிங் இப்படி எழுதியிருந்தால் நான் அந்த நாவலை ரயிலில் வைத்துப் படித்திருக்க மாட்டேன்.

யந்திரம் இல்லாத காலத்தில் இந்த வெறி இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. 1789-ஆம் வருஷம் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் பிரான்ஸ் தேசத்துக் கிராமங்களில், 'கொள்ளைக்காரர்கள் வருகிறார்கள், விளைந்த பயிரை அழிக்கப் போகிறார்கள்' என்று ஒரு பீதி பரவியது. ஜார்ஜ் லெஃபேவ்ர் என்ற சரித்திர ஆசிரியர் 1932-இல் அதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அந்தப் பீதி எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எந்த வழியாகப் போயிற்று என்று அவரால் தேசப்படத்தில் கோடு போட்டுக் காட்ட முடிந்தது. ஏனென்றால் அதைச் சுமந்தவனுக்கு முகம் இருந்தது. குதிரையில் வந்த தபால்காரன், சந்தைக்குப் போய் வந்த குடியானவன், மூச்சிரைக்க ஓடி வந்த பாதிரியார். வேடிக்கை என்னவென்றால், ஓர் ஊரார் தற்காப்புக்காக ஆயுதம் எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். தூரத்திலிருந்து அதைப் பார்த்த பக்கத்து ஊரார், 'இதோ கொள்ளைக்காரர்கள்!' என்பார்கள். பிரபுக்களின் மாளிகைகளும் கடன் பத்திரங்களும் எரிந்தன. ஆனால் வழிப்போக்கர்களின் உயிருக்கு வந்த சேதம் மிகக் குறைவு.

நமது சென்னையிலேயே 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு எம்டன் கப்பல் வந்து எண்ணெய்த் தொட்டிகளின் மேல் குண்டு போட்டதே! மறுபடியும் வரப்போகிறது என்ற வதந்தியில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரை விட்டே ஓடினார்கள். தாங்கள் ஓடினார்களே தவிர, யாரையும் துரத்தவில்லை.

யந்திரம் வதந்தி சொல்லி ஊர் எரிந்த கதை என்றால், 1949 பிப்ரவரி 12-ஆம் தேதி ஈக்வடார் நாட்டின் தலைநகரமான கீட்டோவில் நடந்ததைத்தான் சொல்லவேண்டும். செவ்வாய்க் கிரகத்தார் படையெடுத்து வருவதாக ரேடியோவில் ஒரு நாடகம் நடத்தினார்கள். ஜனங்கள் நிஜமென்று நம்பித் தெருவுக்கு ஓடி வந்தார்கள். நாடகம்தான் என்று தெரிந்த பிறகு கோபம் பொங்கிற்று. ரேடியோ நிலையம் இருந்த பத்திரிகைக் காரியாலயத்தையே கொளுத்திவிட்டார்கள். குறைந்தது ஆறு பேராவது மாண்டார்கள். இதே கதையை 1938-இல் அமெரிக்காவில் ஒலிபரப்பியபோது தேசமே கிலி பிடித்து ஓடியதாகச் சொல்வார்கள். அது பெரும்பாலும் பத்திரிகைகள் ஊதிப் பெருக்கியது என்று இப்போது ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். விளம்பர வருமானத்தில் தங்களோடு போட்டிக்கு வந்த ரேடியோவின் மேல் பத்திரிகைகளுக்கு அவ்வளவு அன்பு! வதந்தியைப் பற்றியே ஒரு வதந்தி.

கீட்டோ ஜனங்களுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. பொய் சொன்னவரின் விலாசம் அவர்களுக்குத் தெரியும். வாட்ஸப்பில் வந்த படத்துக்கு விலாசம் ஏது? எங்கள் தெருப் பெண்மணிக்கு அதை அனுப்பியவர் அவருடைய நாத்தனார். நாத்தனாருக்கு அனுப்பியது யாரோ உடன் வேலை பார்ப்பவர். ஒவ்வொருவரும் தெரிந்த மனிதர். ஒருவரும் பார்த்த மனிதர் அல்ல. தெரிந்தவர் அனுப்பியதால் நம்பிக்கை வருகிறது. அவர் பார்க்காததால் விசாரிக்க வழியில்லாமல் போகிறது.

விசாரிக்க முடியாதபோது, எதிரே நிற்கும் அந்நியனைத்தானே கேட்கவேண்டியிருக்கிறது? அவனாலும் பதில் சொல்ல முடியாவிட்டால்? 2018 பிப்ரவரியில் இலங்கையில் அம்பாறை நகரத்து ஹோட்டல் ஒன்றில், கொத்துரொட்டியில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்று சிங்களக் கூட்டம் ஒன்று நுழைந்தது. கல்லாவில் இருந்த தமிழ் பேசும் முஸ்லிம் இளைஞருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. 'மாத்திரை போட்டாயா?' என்று மிரட்டினால் அவர் என்ன செய்வார்? கேள்வி விளங்காமலே ஆமென்று தலையாட்டிவிட்டார். அந்தத் தலையாட்டலைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டார்கள். சில நாட்களில் கண்டி ஜில்லாவில் திகன பக்கம் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. மார்ச் 7-ஆம் தேதி இலங்கை சர்க்கார் ஃபேஸ்புக்கையே நிறுத்தி வைத்தது. 2020-இல் அந்தக் கம்பெனி மன்னிப்புக் கேட்டுக்கொண்டது.

குடியாத்தத்தில் இறந்தவருக்குத் தமிழ் தெரியாது. பழவேற்காட்டுக்காரருக்குப் பேச்சே சந்தேகம். அத்திமூருக்குப் போன அம்மாளுக்கோ தாய்மொழியே தமிழ்தான். அதுவும் அவரைக் காப்பாற்றவில்லை என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

2023 மார்ச்சில் சக்கரம் எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகளைக் கொல்கிறார்கள் என்று வடநாட்டில் படங்கள் பரவின. அவற்றில் ஒன்று வடநாட்டுத் தொழிலாளிகள் தங்களுக்குள்ளேயே போட்ட சண்டை. இன்னொன்று உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது. அது ஹோலிப் பண்டிகை சமயம். பண்டிகைக்கு ஊருக்குப் போன ரயில் கூட்டத்தைக்கூட, உயிருக்குப் பயந்து ஓடும் கூட்டம் என்றார்கள். நிஜமாகவே பயந்து போனவர்களும் உண்டு. போலீஸார் இந்தியில் அறிக்கை விட்டார்கள். பீகார் அதிகாரிகள் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட் 1964-இல் ஆரம்பமான பேட்டை. ஒரு காலத்தில் தென் ஜில்லாக்களிலிருந்து பையன்கள் தகரப் பெட்டியோடு வந்து இறங்கிய இடத்தில், இப்போது பீகாரும் ஒரிஸாவும் வந்து இறங்குகின்றன. அந்த வாரத்தில் பட்டரவாக்கம் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் நான் நின்றிருந்தேன். ஒரு பையன் செல்போனை நீட்டி, "அண்ணா, இங்கே எங்களை அடிக்கிறாங்களா?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டான். முகம் வெளுத்திருந்தது. டீக்கடைக்காரர் படத்தைப் பார்க்கவேயில்லை. "ரெண்டு வருஷமா உன் கணக்கை நான்தாண்டா எழுதறேன். பாக்கியைத் தீர்க்காம உன்னை அடிக்க விடுவேனா? உட்காரு" என்றார். பையன் சிரித்துவிட்டான், ஆனாலும் அன்று இரவே அவன் ஊருக்கு ரயிலேறிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். ஊரில் அவன் தாயாரும் அதே படத்தைப் பார்த்திருப்பார் அல்லவா?

2018 ஜூலையில் வாட்ஸப் கம்பெனி, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் தள்ளிவிட முடியாதபடி செய்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னால்தான், ஜூலை முதல் தேதியன்று, மகாராஷ்டிரத்தில் துலே ஜில்லாவில் ஐந்து நாடோடி யாசகர்களை ஒரே இடத்தில் கொன்றிருந்தார்கள். ஜூன் 28-ஆம் தேதி நடந்தது அதைவிட விபரீதம். திரிபுரா சர்க்கார், பிள்ளை பிடிப்பவர்கள் யாரும் வரவில்லை என்று கிராமம் கிராமமாகச் சொல்லிவர ஒரு மனிதரை ஒலிபெருக்கியோடு அனுப்பியது. சப்ரூம் பக்கத்தில் ஒரு சந்தையில், அவரையே பிள்ளை பிடிப்பவர் என்று அடித்துக் கொன்றுவிட்டார்கள். சொன்னது உண்மைதான், சொன்னவர் அந்த ஊருக்கு அந்நியர்.

தெலுங்கானாவில் கத்வால் ஜில்லா போலீஸ் சூப்பரிண்டெண்டாக இருந்தவர் ரெமா ராஜேஸ்வரி. அந்தக் கோடை பிறக்கும்போதே, கிராமத்தார் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே படுப்பதை அவருடைய போலீஸார் கவனித்துச் சொல்லிவிட்டார்கள். அங்கே ஒவ்வொரு கான்ஸ்டபிளுக்கும் சில கிராமங்கள் என்று ஏற்கெனவே பிரித்துக் கொடுத்திருந்தார். ஊராரின் பெயரெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. வீடு வீடாகப் போய், செல்போனில் உள்ள படத்தை வாங்கிப் பார்த்து, பொய் என்று விளக்கினார்கள். தப்பு அடிப்பவர்களையும் நாட்டுப் பாடகர்களையும் கூட்டிக்கொண்டு போய், அதையே பாட்டாகவும் பாட வைத்தார்கள். அவருடைய பொறுப்பில் சுமார் 400 கிராமங்கள். அந்தக் கோடையில் அங்கே ஓர் அந்நியர்கூட இந்த வதந்தியால் சாகவில்லை.