போட்டோகிராமெட்ரி: ஒளிப்பட அளவியல்

கிரேக்க மொழியில் ‘ஃபோஸ்’ ஒளி; ‘கிராமா’ வரையப்பட்டது அல்லது எழுதப்பட்டது; ‘மெட்ரோன்’ அளவு. ஒளி வரைந்ததிலிருந்து அளவெடுப்பது என்பதே இச்சொல்லின் பொருள். தமிழில் இதை ஒளிப்பட அளவியல் எனலாம்.

இச்சொல் 1867-இல் அச்சேறக் காரணமானவர் ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் ஆல்பிரெக்ட் மைடன்பவர். 1858-இல் வெட்ஸ்லார் நகரப் பேராலயத்தை அளக்க உயரத்தில் ஏறியவர், தவறி விழப் பார்த்தார். சுவரில் ஏறாமல் படத்திலேயே அளந்தால் என்ன என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது. பிரெஞ்சுப் படை அதிகாரி எமே லோஸ்தாவும் அதே காலத்தில் இதே வழியில் உழைத்தார். அவர் இட்ட பெயர் ‘மெட்ரோஃபோட்டோகிராஃபி’. ஆனால் மைடன்பவரின் சொல்லே உலகெங்கும் நிலைத்தது.

ஒரே படத்திலிருந்து ஒரு புள்ளி இருக்கும் திசையை மட்டும் அறியலாம். தொலைவை அறிய முடியாது. வேறோர் இடத்தில் நின்று எடுத்த இரண்டாம் படமும் இருந்தால், இரு திசைக் கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடமே அப்புள்ளி. இவ்வாறு கிடைப்பது வடிவம்தான். உண்மை அளவு வேண்டுமானால், ஏதேனும் ஓர் உண்மை நீளம் தெரிந்திருக்க வேண்டும்; படத்தில் தெரியும் ஓர் அளவுகோலே போதும்.

வானிலிருந்து நேர்கீழாக எடுத்த படத்துக்கு அளவுவிகிதக் கணக்கு எளிது: லென்ஸின் குவியத் தூரத்தைப் பறக்கும் உயரத்தால் வகுக்க வேண்டும். 150 மி.மீ. லென்ஸ், 1,500 மீட்டர் உயரம் என்றால் அளவுவிகிதம் 1:10,000. படத்தில் 1 செ.மீ., சமதரையில் 100 மீட்டர்.

1885-இல் பெர்லினில் ஒளிப்பட அளவியலுக்கென்றே பிரஷ்ய அரசு நிறுவனம் ஒன்று தோன்றியது. மைடன்பவர் அதை வழிநடத்தினார். சிதையக்கூடிய கட்டடங்களின் அளவுகளைப் படங்களில் காப்பதே அதன் நோக்கம். இன்று டிரோன் படங்களால் கோயில்களையும் அகழாய்வுக் குழிகளையும் பதிவு செய்வோர் செய்வதும் அதே அரும்பணிதான்.