முன்னாள் படைவீரரின் ஆஸ்பத்திரி பில்: ஒரு சின்ன வரலாறு

நந்தனம் சிக்னலைத் தாண்டி அண்ணா சாலையில் தேனாம்பேட்டை பக்கம் போனால் 618-ம் எண்ணில் பாதுகாப்புக் கணக்குக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் இருக்கிறது. ராணுவம் சார்ந்த செலவுகளைச் சரிபார்க்கும் துறை. பக்கத்திலேயே செனடாஃப் ரோடு. கார்ன்வாலிஸ் பிரபுவுக்கு எழுப்பிய நினைவு மண்டபம் ஒருகாலத்தில் அங்கே இருந்ததால் வந்த பெயர். மண்டபம் இடம் மாறிவிட்டது, சிலை இப்போது கோட்டை அருங்காட்சியகத்தில். தளபதிக்குச் சிலை வைத்தார்கள், சரி. சிப்பாய் நோயில் படுத்தால் செலவு யார் கணக்கில் எழுதப்பட்டது? சில நாளாக இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பிரிட்டனிலிருந்து தொடங்கலாம். நம் ராணுவத்தின் கணக்கு வழக்கங்கள் பலவும் அங்கிருந்து வந்தவைதானே. 1682-ல் இரண்டாம் சார்லஸ் மன்னர் லண்டனில் செல்சீ மருத்துவமனையைத் தொடங்கினார். வயதான, ஊனமுற்ற சிப்பாய்களுக்கான இல்லம் அது. மன்னரின் கொடை என்று பெயர். ஆனால் பணத்தில் பெரும்பகுதி படையினரின் சம்பளத்தில் பிடித்ததுதான்.

கிரிமியப் போரில் இன்னும் மோசம். ஆஸ்பத்திரியில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் சிப்பாயின் சம்பளத்தில் பிடித்தம் உண்டு. காயம்பட்டவனுக்கு நாலரை பென்ஸ், நோயில் படுத்தவனுக்கு 9 பென்ஸ். அன்றைக்குச் சாதாரண சிப்பாயின் தினக்கூலி சுமார் ஒரு ஷில்லிங், அதாவது 12 பென்ஸ். அந்தப் போரில் குண்டைவிட நோய்தான் அதிகம் பேரைக் கொன்றது. அப்படியிருக்க, காலராவோ பேதியோ வந்து படுத்தவனிடம் இரட்டிப்புப் பிடித்தம்! 1854 கடைசியில் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் ஸ்குடாரியிலிருந்து இந்த வித்தியாசத்தை விக்டோரியா ராணியின் கவனத்துக்குக் கொண்டுபோனார். பிறகு நோயாளிக்கும் நாலரை பென்ஸ்தான் என்று ஆனது. பிடித்தமே வேண்டாம் என்று அப்போதும் யாரும் முடிவெடுக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். சுதந்திர இந்தியாவில் பணியில் இருக்கும் வீரருக்குச் சிகிச்சை இலவசம். ஓய்வு பெற்ற பிறகு? ராணுவ ஆஸ்பத்திரியில் இடமும் வசதியும் இருந்தால் பார்ப்பார்கள். மத்திய அரசு சிவிலியன் ஊழியர்களுக்கு 1954-லேயே சி.ஜி.எச்.எஸ். வந்துவிட்டது. முன்னாள் படைவீரர்களுக்கு அதுபோன்ற ஒன்று, ஈ.சி.எச்.எஸ்., 2003 ஏப்ரல் 1-ல்தான் வந்தது. இடையில் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு.

அந்தப் பெயரிலேயே 'பங்களிப்பு' என்ற சொல் இருக்கிறது. சேர்வதற்கு ஒருமுறை பணம் கட்ட வேண்டும். தொடக்கத்தில் பென்ஷனைப் பொறுத்து 1,800 ரூபாயிலிருந்து 18,000 ரூபாய் வரை. 'வேலையில் இருந்தபோது இலவசம், வயசான காலத்தில் காசா?' என்பது முன்னாள் வீரர்களின் கேள்வி. அவர்களுடைய சங்கங்களின் கூட்டமைப்பு 1999-லேயே தொடுத்திருந்த வழக்கில் 2006 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்புச் சொன்னது. மருத்துவ உதவி பெறுவது உரிமைதான். அதற்குப் பங்களிப்புக் கேட்பது அந்த உரிமையை மீறுவதாகாது என்றது. 1996 ஜனவரி 1-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும் தொகை தள்ளுபடியானது.

ஆக, சந்தாப் பிரச்னை ஓரளவு தீர்ந்தது. இன்றைய சிக்கல் பில்லில் இருக்கிறது.

நடைமுறை இதுதான். பாலிகிளினிக்கில் ரெஃபரல் வாங்கிக்கொண்டு, பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். அங்கே கட்டணம் சி.ஜி.எச்.எஸ். விகிதப்படி. பேக்கேஜ் என்றால் அறை, சாப்பாடு, ஆபரேஷன் தியேட்டர், டாக்டர் ஃபீஸ், மயக்க மருந்து, மருந்து மாத்திரை எல்லாம் அதற்குள் அடக்கம். பில் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அரசுக்குப் போகும். 2012 முதல் ஆன்லைனில் சரிபார்க்கிறார்கள். வெட்ட வேண்டியதை வெட்டி, மீதியைத் தருவார்கள். நோயாளி கையில் காசு மாறவே கூடாது.

ஆனால் விகிதம் வருஷக்கணக்கில் நகராது. வெளிநோயாளி ஆலோசனைக்கு 150 ரூபாய் என்றிருந்ததை 350 ஆக்கியது 2023 ஏப்ரலில்தான். மற்ற பல விகிதங்கள் 2014-க்குப் பிறகு 2025 அக்டோபர் வரை காத்திருந்தன. இதற்கு நடுவே பில் பாக்கியும் தாமதமாகும். ஆஸ்பத்திரிகள் என்ன செய்யும்? சில இடங்களில் 'ஈ.சி.எச்.எஸ். பெட் காலி இல்லை' என்பார்கள். சில இடங்களில் 'இது பேக்கேஜில் வராது சார்' என்று தனியாக வசூலிப்பார்கள். அரசுக்குக் கூட்டி எழுதும் பில்லும் உண்டு. இந்தத் திட்டம் பற்றிய சி.ஏ.ஜி.யின் 2015-ம் ஆண்டு 51-ம் எண் அறிக்கை பில் குளறுபடிகளையும் மருந்துத் தட்டுப்பாட்டையும் விரிவாகவே பேசுகிறது.

ஆஸ்பத்திரியின் நஷ்டக் கணக்கில் நியாயம் இருக்கலாம். அதை அரசிடம் பேச வேண்டும். டிஸ்சார்ஜ் கவுண்டரில் நிற்கும் எழுபது வயது ஹவில்தாரின் மனைவியிடம் அல்ல. பட்டியலில் சேரும்போது போடும் ஒப்பந்தப்படியே, அனுமதித்த விகிதத்துக்கு மேல் அவர்களிடம் வாங்க முடியாது. கேட்டால், எதற்கு என்று எழுதி, ரசீதோடு தரச் சொல்லுங்கள். அந்தக் காகிதம் இருந்தால் பாலிகிளினிக்கிலும் சென்னை மண்டல மையத்திலும் புகார் கொடுக்க முடியும்.

அவசரத்தில் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில் சேர்த்தால், 2 நாளுக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். பணத்தைக் கட்டிவிட்டு, பிறகு சி.ஜி.எச்.எஸ். விகித அளவுக்குத் திரும்பப் பெறலாம். இங்கே 2018-ல் சிவகாந்த் ஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது முக்கியம். அவர் ராணுவத்தினர் அல்ல, சி.ஜி.எச்.எஸ். பயனாளியான ஓய்வு பெற்ற மத்திய அரசு அதிகாரி. ஆஸ்பத்திரி பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பணத்தை மறுக்கக் கூடாது, சிகிச்சை உண்மையிலேயே நடந்ததா என்றுதான் பார்க்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

செல்சீயில் சம்பளப் பிடித்தம், கிரிமியாவில் தினப் பிடித்தம், இங்கே சந்தா. இவை மூன்றும் வெளிப்படையானவை. அதனால் எதிர்த்துக் கேட்க முடிந்தது, கடிதம் எழுத முடிந்தது, வழக்குப் போட முடிந்தது. கவுண்டரில் ரசீதில்லாமல் வாங்கும் தொகை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. நியாயமான பில் என்பதற்கு முதல் நிபந்தனை, அது காகிதத்தில் இருப்பது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ எக்ஸ்-சர்வீஸ்மேன் யாராவது இருந்தால் இதை மட்டுமாவது சொல்லி வையுங்கள்.